எறங்கிப் போகாத

நீயே சொல்லு தாயி, என்னயப் பாத்தா அறிவு கம்மியானவ மாதிரியா இருக்கு? சும்மா சொல்லு, கோவிச்சுக்கிற மாட்டேன். அந்தப் பையக் கொண்டா, எம் மடியில வச்சுக்கிறேன். நீ நல்லாச் சாஞ்சு ஒக்காரு. தேவாரந்தான போற? அப்பச் சரி, நேரம் கெடக்கு.

ஏன் கேக்குறேன்னா, எழுதியே குடுத்துட்டாக. எங்க சபையிலதான். சனவரி ஒண்ணாந்தேதி ஆராதனை முடிஞ்சதும் பாஸ்டரம்மா ஒரு தட்டுல வாக்குத்தத்த அட்டை கொண்டாருவாக. கண்ண மூடிக்கிட்டு ஆளுக்கு ஒண்ணு எடுக்கணும். அதுல ஒரு வசனம் இருக்கும். அந்த வருசம் பூராம் ஆண்டவரு நமக்குச் சொல்றது அதுதான். எனக்கு முன்னாடி நின்ன பொற்கொடிக்கி, ஒன்னயப் பெருகப் பண்ணுவேன்னு வந்துச்சு. ஏற்கெனவே வேலைக்கிப் போற ஜீப்புல ரெண்டாளு எடத்த அடைக்கிறா, அவளுக்கு அது. எனக்கு என்னா வந்துச்சுங்கிற? அறிவு கொறச்சலா இருந்தா ஆண்டவருகிட்டக் கேளு, குடுப்பாருன்னு வந்துச்சு. அம்புட்டுச் சனத்துக்கு மத்தியில வாசிக்கச் சொல்றாக. பொற்கொடி முந்தானைய வாயில பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா.

வேற ஒண்ணு எடுத்துக்கிறேம்மான்னு கைய நீட்டுனேன். பாஸ்டரம்மா வெடுக்குன்னு தட்டத் தூக்கிட்டாக. மாத்திக் குடுக்க இது என்ன ரேசன் கடையா பொன்னுமணின்னாக. வந்த கோவத்துல அட்டைய போன் கவருக்குள்ள சொருகிட்டேன். எழுத்து வெளிய தெரியாம, கவுத்தி.

எனக்கு எங்க தாயி அறிவு கொறச்சல்? நாலு பேரக் கேக்காம ஒரு காரியம் செய்ய மாட்டேன் நான். இந்த மருமக விசயத்தையே எடுத்துக்க. அருணான்னு பேரு, எம் மகன் மகாராஜனுக்குக் கட்டி மூணு வருசமாச்சு. ஒத்தப் பேத்தி. பிப்ரவரி மாசம் கைப்புள்ளயத் தூக்கிக்கிட்டு அவ ஆத்தா வீட்டுக்குப் போனவ போனவதான். இந்தா, வழியில வருதே ராசிங்காபுரம், அங்கதான். அஞ்சு மாசமாச்சு. நான் என்ன பண்ணுனேங்கிறியா? ஒண்ணும் பண்ணல. போன்ல ஒரு வார்த்த சொன்னேன். அத அப்பறம் சொல்றேன், இரு.

நான் மலைக்கி ஏலக்கா எடுக்கப் போறவ. ஒரு ஜீப்புல பதினாலு பேரு. போடிமெட்டு ஏறி எறங்குறதுக்குள்ள வளைவுக்கு ஒருத்தரு எனக்கு யோசன சொல்லுவாக. டிரைவரு காசிமாயன் இருக்கானே, ரோட்டப் பாக்காம எம் மூஞ்சியப் பாத்துச் சொல்றான், "எறங்கிப் போகாதக்கா. ஒரு தடவ எறங்குனேன்னு வையி, தலையில ஏறி ஒக்காந்துக்கிருவா." நல்லாத்தான சொல்றான்னு நானும் விறைச்சுக்கிட்டு இருந்துட்டேன். அவன் பொண்டாட்டி அவன வீட்டுக்குள்ள விட்டு ரெண்டு மாசமாச்சுங்கிறது பின்னாடிதான் தெரியும்.

எஸ்டேட்டுல காய் ஒணத்துற எடத்துல ஒரு சேச்சி இருக்கா, மலையாளத்துக்காரி. அவகிட்டயும் சொல்லி அழுதேன். "போட்டே, விட்டுகள"ன்னா. போனாப் போறா, விட்டுத் தள்ளுன்னு எடுத்துக்கிட்டேன், மருமகள. மூணு மாசங் கழிச்சு வந்து, நான் விடச் சொன்னது மருமகளயில்ல, கோவத்தங்கிறா. அதத் தமிழ்ல சொல்லித் தொலைக்க வேண்டியதுதான... அப்பறம் போன்ல ஒருத்தரு வர்றாரு, கோட்டெல்லாம் போட்டு, மாமியா மருமக சண்டைக்கி அஞ்சு வழின்னு. மூணாவது வழியில வெளம்பரம் வந்துச்சு. அதுக்கு மேல நான் பாக்கல.

பாஸ்டரம்மா மட்டும் ஒரு யோசனயும் சொல்லல தாயி. ஆண்டவருகிட்டக் கேட்டியான்னாக. கேக்காமலா, தெனமும் கேக்குறேன், அவ புத்தியத் திருத்தும், எங் கால்ல விழ வையுமின்னு கேக்குறேன்னேன். "அது கேக்குறதில்ல பொன்னுமணி, ஆண்டவருக்கு நீ யோசன சொல்றது"ன்னாக. எனக்குச் சுருக்குன்னுச்சு. ரெண்டு வாரம் அவுகளோட பேசல.

இந்தா கண்டக்டரு பாத்துட்டுப் போறாரே, ஏன் சிரிக்கிறாருன்னு கேளேன். அவருக்கு என்னயத் தெரியும். இது நாலாவது தடவ. மூணு தடவயும் ராசிங்காபுரம்னு டிக்கெட்டு வாங்கிட்டு, எறங்காம, நேரா தேவாரம் போயி, அதே பஸ்சுல போடிக்கித் திரும்புனவ நான். பொம்பளைக்கித்தான் காசில்லாத டிக்கெட்டாச்சே, யாரு கேக்கப் போறா? ஸ்டாப்பு வந்தா எனக்கு ஒடம்பு எந்திரிக்காது. காசிமாயன் காதுக்குள்ளயே ஒக்காந்து சொல்லுவான், எறங்கிப் போகாதக்கா, எறங்கிப் போகாதக்கான்னு.

இந்தா, எம் பையப் பிரிச்சுப் பாரு. கவுனு. பேத்திக்கி. தடவைக்கி ஒண்ணு வாங்குனேன், குடுக்காமலே திரும்பிக் கொண்டாந்தேன். இந்தச் சின்னது மார்ச்சுல வாங்குனது. இன்னைக்கிக் கடையில என்ன சைசும்மாங்கிறான். எனக்குத் தெரியல தாயி. முட்டி ஒசரம் காட்டுறேன், அப்பறம் தொட ஒசரம் காட்டுறேன். நடக்குறாளாம். செவத்தப் பிடிச்சுக்கிட்டு நடக்குறா, மகன் போன்ல காட்டுனான். அவனும் எங்கூடச் சரியாப் பேசுறதில்ல. சனிக்கெழம ஆனா அங்க போயிர்றான்.

என்ன? அந்த ஒரு வார்த்தையா? நீ மறக்க மாட்டியா...

அருணா பி.காம் படிச்சவ. ஒரு ஏலக்காக் கம்பெனியில கம்ப்யூட்டர் வேலைக்கி எழுதிப் போட்டிருந்தா. அவ போனு ரிப்பேரு, எந் நம்பரக் குடுத்திருக்கா. கூப்புட்டாக. திங்கக்கெழம வந்து சேரச் சொல்லுங்கம்மான்னு தன்மையாத்தான் சொன்னாக. நான், அவளுக்கு இஷ்டமில்ல, வரமாட்டான்னுட்டேன். அவகிட்ட மூச்சு விடல. அவ பதினஞ்சு நாளு எம் போன எடுத்து எடுத்துப் பாக்குறா. அத்தே, யாராச்சும் கூப்புட்டாகளா, கூப்புட்டாகளான்னு கேக்குறா. இல்லத்தாங்கிறேன். பெறகு நேருல போயிக் கேட்டிருக்கா. ஒங்க மாமியாதான வேணாம்னாகன்னு சொல்லிட்டாக. அன்னைக்கிக் கெளம்புனவதான்.

வேலைக்கி விட்டா கைய மீறிப் போயிருவான்னு ஜீப்புல சொன்னாக... இல்ல, ஜீப்பச் சொல்லி என்ன புண்ணியம். எனக்குப் பிடிச்ச பதிலு வர்ற வரைக்கும் ஆள மாத்தி ஆளக் கேட்டது நாந்தான். ஆண்டவருகிட்ட மட்டும் கேக்கல. கேட்டா என்ன சொல்லுவாருன்னு எனக்குத்தான் தெரியுமே.

நேத்துதான் கேட்டேன். ஏலச்செடியில காய் அடியிலதான் கெடக்கும், தரையோட தரையா. முட்டி போட்டுத்தான் எடுக்கணும். போட்ட முட்டியோட அப்படியே கேட்டேன். அறிவு கொறச்சல்தாம்யா, எனக்கு நீரே குடும்னு. அழுதுட்டேன், செடிக்குள்ள யாருக்குந் தெரியாது. பெறகு அட்டைய எடுத்துத் திருப்பி வச்சேன். இந்தா பாரு, எழுத்து இப்ப வெளிய தெரியுதா?

அதான் கெளம்பி வந்தேன். வந்துட்டேன், சரி. மொகத்துல அடிச்சாப்புல கதவச் சாத்திட்டான்னா? புள்ளக்கி என்னய அடையாளம் தெரியலன்னா? நீ சொல்லு தாயி, நான் போகட்டுமா, இல்ல இன்னொரு நாளைக்கி...

வேணாம், நீ சொல்லாத. சொன்னா ஒம் பேச்சயும் கேட்டுத் தொலைப்பேன்.

என்ன கண்டக்டரு தம்பி? என்ன சொன்னீக? இன்னொருக்கச் சொல்லுங்க. ராசிங்காபுரம் எறங்கு, எறங்குன்னா சொன்னீக?

அம்புட்டுப் பேரும் எறங்காதன்னாக. நீங்க ஒருத்தருதான்...

இந்தா தாயி ஒம் பையி. இந்தச் சின்னக் கவுன நீ வச்சுக்க. தெரிஞ்ச புள்ளக்கி யாருக்காச்சும் குடு, எம் பேத்திக்கி இனிப் பத்தாது. தள்ளு, தள்ளு, வழிய விடுங்கப்பா. விசிலடிச்சுறாதீக தம்பி, எனக்கு முட்டி வலி. மெதுவாத்தான் எறங்க முடியும்.