அணைக்குக் கீழே பாடிய வெர்னா

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் போதகர் எல்டன் நோபிள் அவர்களே, தாயைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டார்லா அவர்களே, ஹார்லஸ் ஓடையின் இரு கரையிலிருந்தும் வந்து இந்தச் சுரங்கத் தொழிலாளர் மன்றத்தை நிறைத்திருக்கும் என் மக்களே, வணக்கம்.

என் பெயர் ஹோபர்ட் சைஸ்மோர். முப்பத்தொரு ஆண்டுகள் மிஸ் வெர்னா கோல்டயர்ன் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டீல் கிட்டார் வாசித்தவன். மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன். இப்போதும் எனக்குப் பயமாக இருக்கிறது. சபை நடுக்கம் அல்ல இது. நம் தலைக்கு மேலே, மலை இடுக்கில், நிலக்கரி கழுவிய கருஞ்சேற்றைக் கம்பெனி தேக்கிவைத்த அணை இன்னும் நிற்கிறதே, அந்தப் பயம்.

யார் இந்த வெர்னா? பதினொரு இசைத்தட்டுகள் கண்டவர். நாஷ்வில் நகரத்து வானொலிகள் ஒரு காலத்தில் தினம் ஒலிக்கவிட்ட குரல். லாரி ஓட்டுநர்களையும் கைவிடப்பட்ட மனைவிகளையும் பாடிய குரல். அறுபது வயதில் அந்தப் பகட்டையெல்லாம் உதறிவிட்டு, பிறந்த கென்டக்கி மண்ணுக்கே திரும்பி வந்தவர். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பாடவில்லையா? உங்கள் வீட்டுச் சாவுக்குப் பாடவில்லையா?

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வசந்த காலத்தில் அணையைப் பார்க்க மலையேறினார். முழங்கால்வரை சேற்றோடு என் வாசலில் வந்து நின்றார்.

“ஹோபர்ட், சுவரு வேர்க்குதுப்பா.”

“ஊத்துத் தண்ணியா இருக்கும், மிஸ் வெர்னா. கம்பெனிக்காரங்க அப்படித்தானே சொல்றாங்க.”

“ஊத்துத் தண்ணி கறுப்பா வருமா? கையை மோந்து பாரு.”

மோந்து பார்த்தேன், நிலக்கரிச் சேற்று வாடை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

அந்தப் பயத்திலிருந்துதான் கடைசி இசைத்தட்டு பிறந்தது. ‘பூட்ஸைக் கழற்றாதே’ என்று பெயர் வைத்தார். மழை பெய்தால் அணை உடையுமோ என்று நாம் ஒவ்வொருவரும் பூட்ஸோடுதானே படுக்கிறோம்? அதை யாராவது வாய்விட்டுச் சொன்னோமா? அவர் சொன்னார்! டிரம் இல்லை, மின்சாரப் பகட்டு இல்லை. பிடிலும் பாஞ்சோவும் என் ஸ்டீலும் மட்டும். நாஷ்வில்லிலிருந்து இசைத்தட்டு வெளியிடுகிற ஒருவர் போனில் கேட்டார்: “சேத்தைப் பத்தின பாட்டை யாரும்மா கேப்பாங்க?” மிஸ் வெர்னா சொன்னார்: “அதுக்குக் கீழ குடியிருக்கிறவன் கேப்பான்.”

அவருடைய வண்டிக்கொட்டகையில் ஒன்பது பாட்டுகள் பதிவு செய்தோம். பத்தாவதுதான் அணைப் பாட்டு. அதற்கு முந்தின நாள் கம்பெனி லாரி ஓட்டும் என் மகன் வெய்லனிடம் மேஸ்திரி சொல்லியிருக்கிறார்: “உங்கப்பன் அந்தப் பாட்டுக்கு வாசிச்சா, திங்கக்கிழமை நீ வரவேண்டாம்.”

நான் என்ன செய்தேன்? இந்தச் சபை அறியட்டும். ஸ்டீலைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

“பயமா இருக்கு, மிஸ் வெர்னா.”

“எனக்கு மட்டும் இல்லையா? காலையிலேருந்து மூணு தடவை வாந்தி எடுத்துட்டேன். நீ வீட்டுக்குப் போ. புள்ளைக்குச் சோறு முக்கியம்.”

ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. தனியாக, வெறும் கிட்டாரோடு அந்தப் பாட்டைப் பாடி முடித்தார்.

தட்டு வெளிவந்தது. கடைத்தெருவில் அதைக் காகிதத்தில் சுற்றி, மேசைக்குக் கீழே வைத்து விற்றார்கள். மிஸ் வெர்னாவின் தபால்பெட்டியை யாரோ வண்டியால் இடித்துச் சாய்த்தார்கள். உணவு விடுதியில் அவர் பிஸ்கட் ரொட்டியும் கிரேவிக் குழம்பும் சாப்பிடும் மேசைக்கு அடுத்த மேசை காலியாகவே கிடந்தது. நானும் அதில் உட்காரவில்லை.

பிறகு அந்த மார்ச் மாத ஞாயிறு. மூன்று நாள் மழை. காலை பதினொரு மணி, தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்தோம். கதவு திறந்தது. சேற்றுக் காலோடு மிஸ் வெர்னா உள்ளே வந்தார்.

“எழுந்திருங்க! அணையோட மூலை இறங்குது! இந்தக் கண்ணால பாத்துட்டு வரேன்!”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “ஆரம்பிச்சிட்டா! அடுத்த தட்டுக்கு விளம்பரமா, வெர்னா?”

சிலர் சிரித்தார்கள். போதகர் நோபிள் அவர்களே, நீங்கள் சிரிக்கவில்லை. வேதப்புத்தகத்தை மூடிவிட்டு, “நான் மேட்டுக்குப் போறேன். வர்றவங்க வாங்க” என்றீர்கள். நாற்பத்துமூன்று பேர் கல்லறை மேட்டுக்கு ஏறினோம். கேலி பேசியவரும் ஏறினார்.

மிஸ் வெர்னா ஏறவில்லை. ஓடை முனையில் ஆர்வில் கோம்ஸ் தம்பதி இருந்தார்கள். ஆர்விலுக்குக் காது கேட்காது. அவர் மனைவிக்கு நடக்க முடியாது. ஹாரனை அழுத்தியபடியே அங்கே போனார். இருவரையும் வண்டியில் ஏற்றி, பாலத்தைத் தாண்டி, மலைப்பாதையில் இறக்கிவிட்டார். “அவளைத் தூக்கிக்கிட்டு மேல ஏறு, ஆர்வில், திரும்பிப் பாக்காத” என்று சைகை காட்டினாராம். பாலத்துக்கு அக்கரையில் இன்னும் ஒரு வீட்டுக் கூரையில் புகை தெரிந்தது. அந்த வீட்டில் ஆளில்லை. அடுப்பை அணைக்காமல் அவர்களும் தேவாலயத்துக்கு வந்திருந்தார்கள். அது அவருக்கு எப்படித் தெரியும்? வண்டியைத் திருப்பினார். சேறு கறுப்பாக, கூரை உயரத்துக்கு, மரங்களை உருட்டிக்கொண்டு வந்தது. மேட்டிலிருந்து பார்த்தோம். ஹாரன் சத்தம் சற்று நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

எழுபத்திரண்டு வயது. என்னம்மா உனக்கு அவசரம்!

மக்களே, உடைந்தது ஒரு மூலை மட்டும். மீதி அப்படியே நிற்கிறது. சுவரை இன்னும் முப்பதடி உயர்த்த அனுமதி கேட்கிறது கம்பெனி. வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு மாவட்ட நீதிமன்றத்தில் விசாரணை. இன்று காலை வெய்லன் என்னிடம், “போகாதப்பா, எனக்கு வேற வேலை கிடையாது” என்றான். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஆனாலும் நான் போகிறேன். கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். யார் யார் என்னோடு வருவீர்கள் என்று இப்போது கேட்கமாட்டேன்; கைதூக்கச் சொன்னால், தூக்கியவர் யார் என்று நாளைக்கே மேலிடத்துக்குப் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அன்று காலை நீதிமன்றப் படிக்கட்டில் நிற்பேன். வருகிறவர் வரட்டும்.

அதற்குமுன் மிஸ் வெர்னாவுக்கு நாம் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. பத்தாவது பாட்டை இப்போது வாசிக்கப்போகிறேன். சுருதி பிசகும், மன்னியுங்கள். வாசலில் கம்பெனி வண்டி ஒன்று நிற்கிறது. வெளியே போக நினைப்பவர்கள் போகலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

வரிகள் தெரியாது என்று மட்டும் எவரும் சொல்லவேண்டாம். கார்க் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, தனியாக அதைக் கேட்டவர்கள்தான் நாம் எல்லோரும். நானும் அப்படித்தான் கேட்டேன்.

எழுந்து நில்லுங்கள். அந்த வண்டிவரை கேட்கும்படி பாடுவோம்.