மச்சான் எழுதிய கார்டு

12-6-1968, புதன். வழக்கம்போல் தருமபுரியில் தபால்தலைகள் வாங்கிக்கொண்டு, நாலரை மணி பஸ்ஸில் நல்லம்பள்ளி தபால் ஆபீசுக்குத் திரும்பினேன். முன் இருக்கையில் ஒரு விவசாயியும், போர்க்காலத்தில் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்த ஒரு பாயும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“உன் மச்சான் ஜெர்மன்காரன் நீர்மூழ்கிக் கப்பல் மாதிரிப்பா,” என்றார் பாய்.

“அவரு இண்டூர்க்காரருங்க பாய்.”

“சொல்றதைக் கேளு. ஒரு நீர்மூழ்கி எங்க கப்பல் கூட்டத்தைப் பார்த்துட்டா உடனே அடிக்காது. பின்னாடியே வந்துக்கிட்டு, மத்ததுக்கெல்லாம் சேதி அனுப்பும். எல்லாம் வந்து சேர்ந்த பொறவுதான் அடி.”

“அதேதானுங்க! நேத்து வூட்டுக்கு வந்தவரு கோழிக் கூண்டையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காரு. ஆறு கோழி இருக்குதுங்க. போன வருசம் தம்பிங்க நாலு பேரையும் வரவெச்சு, ஒண்ணுகூட மிச்சம் வெக்கல.”

“சேதி அனுப்பிட்டானா?”

விவசாயி சட்டைப் பையிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்தார். “பாப்பிரெட்டிப்பட்டித் தம்பிங்களுக்கு எழுதி, பெட்டியில போடச் சொல்லி என்கிட்டயே குடுத்துட்டாருங்க.”

“அட, கிழிச்சிப் போடுப்பா!”

“போட்டியான்னு பொண்டாட்டி கேப்பாளே. பொய் சொன்னா என் மூஞ்சியே காட்டிக் குடுத்துடுங்க.”

பாய் சற்று யோசித்துவிட்டுத் தம் பேனாவை நீட்டினார்.

மறுநாள் காலை முதல் வேலையாகத் தபால் பெட்டியைத் திறந்தேன். கார்டு இருந்தது. ‘ஞாயிறு எல்லாரும் வரவும், ஆறு கோழி உள்ளது’ என்பதற்குக் கீழே, வேறு கையெழுத்தில், ‘ஆறுக்கும் சீக்கு’ என்று எழுதியிருந்தது. முத்திரை குத்தி அனுப்பினேன்.