எருக்கிலையைக் குளிப்பாட்டியவன்

“அலோ... அலோ! நீயா? இன்னாய்யா, எவ்ளோ நேரமா அடிச்சிகினே கீது... பூஜையா? சரி சரி, பொரி அப்பறம் துண்ணு. மொட்டமாடிக்குப் போனியா? என் செடிங்க எப்டி கீது?... இன்னாது?... பளபளன்னு கீதா?”

கிண்டியில் ஆய்வகத்து ஃபோனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, நாளைக்கு வேண்டிய கண்ணாடித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த மகிழினி, கையில் இருந்ததைக் கீழே வைத்தாள். கரித்தூசி வந்து அப்பும் திருவொற்றியூர் மாடியில் எருக்குச் செடி எப்படிப் பளபளக்கும்?

“கழுவினியா?... ஆமா... ஆமாய்யா, ஆயுதபூஜதான், தெரியும்! வண்டியக் கழுவு, உன் மண்டையக் கழுவு, யாரு வாணான்னா? என் செடிய எதுக்குத் தொட்ட?... ஒவ்வொரு இலையாவா? ஈரத்துணி வெச்சா?... அடப்பாவி, சந்தனம் குங்குமம் வேறயா!”

அவள் புருஷன் வேலப்பன் செய்ததைக் கேட்டால் யாருக்கும் பற்றிக்கொண்டுதான் வரும். வறண்ட காட்டிலிருந்து எருக்கையும் ஆவாரையையும் தொட்டியில் கொண்டுவந்து, கோடை தொடங்கி இன்றுவரை இலையில் ஒரு பொட்டு நீர் படாமல், வேரில் மட்டும் ஊற்றிக் காப்பாற்றியிருந்தாள் மகிழினி. நடுவில் வந்த மழைக்கெல்லாம் பாலித்தீன் பிடித்தவள். காய்ந்த இலைமேல் குடியிருக்கும் நுண்ணுயிர்களைப் பருவத்தின் முதல் மழை என்ன செய்கிறது என்பதுதான் அவளுடைய டாக்டர் பட்டத்து ஆராய்ச்சி. மழை வருமுன் கடைசியாக நாளைக் காலையில் இலை பறிப்பதாக இருந்தாள்.

“இலைல தண்ணி படக்கூடாதுன்னு சொன்னனா, இல்லியா?... மழத் தண்ணிதான் படக்கூடாதா? ஆகா! லாரித் தண்ணி வந்தா கிருமிங்க எழுந்து வழி வுட்டு நிக்குமா? இன்னா ஒரு மூள! டிரெய்லர் ஓட்டிகினு போசொல்ல பின்னாடி பெட்டில வெச்சி எறக்கிட்டியா?... சிரிக்காத, கேளு. வெயில்ல ஒரு கூட்டம் தாக்குப் புடிச்சிகினு அங்க கீது. மொத மழ வுழுந்தா யாரு அடிச்சிகினு போறாங்க, யாரு புச்சா வந்து குந்தறாங்க, அத்தத்தான் நான் பாக்கணும். நீ மொத்தத்தையும் தொடச்சி சாக்கடைல ஊத்திட்ட... இன்னாது, அழுக்கா? அதான்யா என் படிப்பு!”

எதிரே இருந்த உதவியாளர் ஹில்டா தலையைத் திருப்பிக்கொண்டாள். மகிழினி குரலைத் தாழ்த்தவில்லை.

“ஒண்ணாவது வுட்டியா? டேங்க் பின்னாடி கீதே, அது?... அதத்தான் மொதல்ல தேய்ச்சியா? உருப்பட்டாப்லதான். நாளைக்கு எத்தய்யா பறிக்கறது?... இன்னா, தொழிலா?... பூஜைல என் பொஸ்தகத்த வெச்சா பத்தாதா?... இஸ்கூல் பசங்களும் அதத்தான் வெக்குதா...”

ஸ்பேனருக்கும் ஜாக்கிக்கும் பொட்டு வைத்தவன், பெண்டாட்டியின் தொழில் எது என்று யோசித்து மாடி ஏறியிருக்கிறான். ஆனாலும் வயிற்றெரிச்சல் அடங்குமா?

“நல்ல பூஜய்யா! தொழிலுக்குப் பொட்டு வெக்கறேன்னு தொழிலயே தொடச்சி வெச்சிகீற... அய்யோ. இங்க தூறுது... அங்கயுமா?... பலமாவா?”

ஜன்னல் கம்பியில் நீர் வழிந்தது. அவ்வளவுதான், போயிற்று.

“இன்னொரு கோட காயணும், இன்னொரு மொத மழ வரணும். அடுத்த வருசந்தான்... சாரியா? உன் சாரியத் தூக்கி ஒடப்புல போடு! இந்த வருசத்தோட படிப்ப ஏறக்கட்டணும்னு உங்கம்மா சொல்லசொல்ல நீயுந்தான தலைய ஆட்டுன? வூட்ல எருக்கு மொளச்சா குடும்பம் வெளங்குமான்னு தெனிக்கும் அவங்க பாட்டு. இப்ப இன்னா பண்ணப்போற?... நீ சொல்றியா? நீ? கொழம்புல உப்பு இல்லன்னு உங்கம்மாவாண்ட சொல்லத் துப்பு கீதா உனக்கு?... அலோ... யாராண்ட பேசற?... யோவ், இப்ப வாணாம்யா, நல்ல நாளும் அதுவுமா...”

ரிசீவரை அவன் மேஜைமேல் வைத்துவிட்டான் போலிருக்கிறது. தூரத்தில் அவன் குரல் கேட்டது. அதற்குமேல் மாமியார் குரல். மகிழினி ரிசீவரைக் காதில் அழுத்தினாள்.

“இன்னொரு வருசம் படிக்கட்டும்ன்றியா?... எவ்ளோ வருசம் ஆனாலுமா? நீயாய்யா பேசற?... அத்தைய எதிர்த்தா?... போதும்யா, வுடு, அவங்க அழறாங்க... வேலு... வேலு!”

யாரோ ரிசீவரை ஓங்கி வைத்தார்கள். மாமியார்தான்.

“லூசு,” என்றாள் மகிழினி, செத்துப்போன ஃபோனிடம். திட்டு இன்னும் நிறைய பாக்கி இருந்தது. அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது.