அடுப்புல ரெண்டு பாத்திரம்

— அந்த ஜன்னல சாத்துங்க மாமா, பனி உள்ள வருது. சூப் ஊத்திட்டேன், ஆறிடும்.

— சாத்துறேன், சாத்துறேன். முதல்ல நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. வீட்டுல இருக்குறது மூணே பேரு. அடுப்புல எதுக்கு ரெண்டு பாத்திரம்?

— ஒண்ணு சூப், இன்னொண்ணு வெந்நீர்.

— வெந்நீரு! வெந்நீருல யாராவது கேரட் நறுக்கிப் போடுவாங்களா? ஏம்மா, ஆயுசு பூரா ரயில்ல டிக்கெட் பரிசோதிச்சவன் நான். தூங்குற மாதிரி நடிக்கிறவனுக்கு இமை எப்படித் துடிக்கும்னு எனக்குத் தெரியும். இப்ப உனக்குத் துடிக்குது.

— வெங்காயம் நறுக்கினேன், கண்ணு எரியுது. குடிங்க மாமா. பூசணி, பருப்பு, இஞ்சி எல்லாம் போட்டிருக்கேன். இந்தக் குளிருக்கு உங்க நெஞ்சுச்சளி இளகும்.

— சளி கிடக்குது, விடு. இந்தக் குளிர்காலம் தொடங்கினதுலேருந்தே வீடு சரியில்ல. திடீர்னு கடைச் சாப்பாடு வாசப்படி தாண்டக் கூடாதுன்னு சட்டம் போட்டே. பொட்டலம், பாக்கெட் எல்லாம் தூக்கிக் குப்பையில போட்டே. சரி, வீட்டுச் சமையல் உடம்புக்கு நல்லதுதானேன்னு இருந்தேன். ஆனா இன்னிக்குக் காலையில உருளைக்கிழங்க வேகவெச்சு, அந்தத் தண்ணிய அப்படியே தொட்டியில கொட்டினே. மறுபடி புதுத் தண்ணி ஊத்தி வேகவெச்சே. சத்தையெல்லாம் கொட்டிட்டுச் சக்கையத் திங்க யாரு சொல்லிக் குடுத்தா?

— கிழங்குல மண்ணு இருந்துச்சு மாமா.

— மண்ண கழுவுவாங்க, வேகவைக்க மாட்டாங்க. அப்புறம் முந்தாநாளு இதே சின்னப் பாத்திரத்துக்குத் துண்டு சுத்தி, மாவு டப்பாவுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சே. எனக்குத் தெரியாதுன்னு நினைக்காத.

— சூடு ஆறாம இருக்கட்டும்னுதான்...

— நேத்து நீயும் என் பிள்ளையும் கதவ சாத்திக்கிட்டுக் குசுகுசுன்னு பேசினீங்களே, அதுவும் சூடு ஆறாம இருக்கவா? 'அப்பா காதுல விழக் கூடாது'ன்னு அவன் சொன்னான். 'இடம் கிடைச்சா உடனே கூப்பிடுவாங்க'ன்னு நீ சொன்னே. என்ன இடம்? வயசானவங்கள கொண்டுபோய்த் தள்ளுற இடந்தானே?

— ஐயோ மாமா, வாய்க்கு வந்தத பேசாதீங்க.

— பேசுவேன். அவன் என்கூட உக்காந்து சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு? நான் படுக்கப் போனப்புறந்தான் சமையக்கட்டுல கரண்டிச் சத்தமே கேக்குது. நல்லதா ஆக்கிப் புருஷனும் பொண்டாட்டியும் தனியாத் திங்கிறீங்க. தின்னுங்க, வேணாங்கல. சொல்லிட்டுத் தின்னா நான் என்ன பிடுங்கியா திங்கப்போறேன்? அடுப்புல இருக்குற அந்தச் சின்னப் பாத்திரத்துல என்னன்னு பாக்குறேன், நகரு.

— வேணாம் மாமா, அத எடுக்காதீங்க! கை சுடும்!

— சுட்டா சுடட்டும். கரண்டியக் குடு... தூ! என்ன கருமம் இது? உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல. வாயில வெக்க முடியல. ஓகோ, இதுதான் எனக்கா? அந்த இடத்துக்கு இப்பலேருந்தே பழக்குறீங்களா?

— அது உங்களுக்கு இல்ல.

— பின்ன யாருக்கு? பூனைகூட மோந்து பாக்காது இத.

— உங்க பிள்ளைக்கு மாமா.

— அவனுக்கா? உப்பு டப்பாவத் தட்டுக்குப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டுச் சாப்பிடுறவனாச்சே.

— அப்படிச் சாப்பிட்டவர்தான். இப்ப கூடாது. கிழங்குல இருக்குற உப்புச்சத்து இறங்கட்டும்னு தண்ணியக் கொட்டச் சொன்னதும் டாக்டர்தான்.

— டாக்டரா? எதுக்கு? ஏம்மா, வாயத் திற. எதுக்கு?

— அத்தைக்கு வந்ததுதான் மாமா.

— கிட்னியா?

— ரெண்டும்.

— பொய். கல்லு மாதிரி இருக்கான். லாரி டயர ஒத்த ஆளா கழட்டி மாட்டுறவன்.

— இப்ப டயரத் தொடவே விடுறதில்ல. ஒர்க் ஷாப்புல மேசையோட உக்கார வெச்சிருக்காங்க. ராத்திரி ரெண்டு சாக்ஸ் மாட்டிக்கிட்டுத் திரியிறாரே, அது குளிருக்கு இல்ல. கால் வீக்கத்த நீங்க பாத்துடக் கூடாதுன்னு.

— அப்ப அந்த இடம்...

— ஆஸ்பத்திரியில ரத்தத்தச் சுத்தம் பண்ற மெஷின் மாமா. நமக்கு முன்னால நிறைய பேரு காத்திருக்காங்க.

— என்கிட்ட ஏன்மா மறைச்சீங்க? நான் என்ன வேத்து ஆளா?

— அத்தை போனப்ப நீங்க பட்டினியாக் கிடந்தத அவர் பாத்தவராச்சே. 'அப்பா மறுபடி சாப்பாட்ட விட்டுடுவார்'னு என் கையப் புடிச்சுச் சத்தியம் வாங்கினார். இனி உங்க ரெண்டு பேரு முகத்துலயும் நான் எப்படி முழிப்பேன்? ஐயோ, கதவு! அவர்தான், இன்னிக்குச் சீக்கிரம் வந்துட்டார். கண்ணத் தொடைங்க மாமா. உங்களுக்குத் தெரியும்னு காட்டிக்காதீங்க, உங்க கால்ல விழுறேன்.

— அப்பா, இன்னும் சாப்பிடலையா? என்ன ரெண்டு பேரும் இப்படி நிக்கிறீங்க? அந்தப் பாத்திரம் ஏன் வெளிய இருக்கு?

— நான்தான்டா எடுத்தேன். கோட்டக் கழட்டிட்டு இப்படி வந்து உக்காரு. உன்கிட்ட ஒரு விஷயத்த மறைச்சுட்டேன்.

— என்னப்பா?

— எனக்கு இனிமே உப்பே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருடா. இந்தச் சாப்பாடு தனியா உக்காந்து தின்னா தொண்டையில இறங்க மாட்டேங்குது. தினம் எனக்குத் துணைக்கு உக்காந்து, நீயும் இதையே சாப்பிடுறியா?