கதவில் சாய்ந்து நின்றவர்

பேரன்பும் பெருமதிப்பும் வாய்ந்த அவைத் தலைவர் அவர்களே! தாஸ்புலாக் நகரின் பொறுப்பையெல்லாம் தோளில் தாங்கி, இப்போது என் பேச்சு நீளுமோ என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நகரத் தலைவர் அவர்களே! நரையையே மகுடமாக அணிந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! மடியில் மழலையும் தோளில் கம்பளிச் சால்வையுமாக வந்திருக்கும் தாய்மார்களே! விடியுமுன் எழுந்து வீதி திறக்கும் வண்டியோட்டிகளே! கரி அள்ளும் கரங்களே! கூரையேறும் கால்களே! இருக்கை கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் இளைஞர்களே! நகராட்சியின் குளிர்கால உதவி அறையில் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தொலைபேசி எடுக்கும் கலம்காஸ் ஆகிய நான், உங்கள் அனைவரையும் நெஞ்சாரப் பணிந்து வணங்குகிறேன்.

மேடைக்கு அழைத்தவர்கள் என் கையில் ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார்கள். வாசிக்கிறேன். "அக்டோபர் பதினைந்து முதல் தெருவின் வலப்பக்கம் வண்டி நிறுத்தக் கூடாது. சாம்பலை நன்றாக ஆறவைத்து, தகர வாளியில் வியாழக்கிழமை வாசலில் வைக்க வேண்டும். பச்சைக் கொடி ஏறும்வரை ஏரிப் பனிக்கட்டிமேல் கால் வைக்கக் கூடாது. புகைபோக்கித் துப்புரவு இலவசம். பணியாளர் வந்தால் கதவைத் திறக்க வேண்டும்."

என்ன அய்யா, மூன்றாம் வரிசையில்? "போன வருசமும் இதே தாளத்தான் வாசிச்சாங்க" என்கிறீர்களா? உண்மை. தேதியைக்கூட மாற்றவில்லை. போன ஆண்டும் கேட்டீர்கள், அதற்கு முந்தைய ஆண்டும் கேட்டீர்கள். கேட்டுவிட்டு வெளியே போய், வண்டியை வலப்பக்கமே நிறுத்தினீர்கள்!

சிரியுங்கள். இன்னும் சிறிது நேரம்தான் சிரிக்க முடியும். இந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, போன ஜனவரியில் எனக்கு வந்த ஓர் அழைப்பைப் பற்றிச் சொல்லப் போகிறேன். சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

செயில்கானை நீங்கள் அறிவீர்கள். பதினோரு குளிர்காலம் நம் தெருக்களில் பனி தள்ளும் வண்டியை ஓட்டியவர். யார் வீட்டு வாசலைத் திறந்துவிட்டாலும் இரண்டு முறை ஒலி எழுப்பி, "தேநீர் கொதிக்குதா, தூக்கம் கொதிக்குதா?" என்று கத்திவிட்டுப் போவாரே, அவர்தான். ஊருக்கெல்லாம் வழி திறந்த அந்த மனிதர், போன நவம்பரில், ஏரியில் பச்சைக் கொடி ஏறுவதற்கு நான்கு நாள் இருக்கும்போது, தூண்டிலோடு போனார். பனிக்கட்டி அவரைத் தாங்கவில்லை. மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. வெள்ளைத் துணியில் சுற்றி அவரைத் தூக்கிப் போனபோது, வாசலில் பெண்களோடு பெண்ணாக நானும் நின்று அழுதேன். அவர் மனைவி ரௌஷான் அழவில்லை. ஆறு வயது மகள் தோல்கனாயின் தோளைப் பிடித்துக்கொண்டு, போகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது நவம்பர். இனி ஜனவரி. பனிப்புயலின் மூன்றாம் நாள். பிற்பகல் இரண்டரை மணி. பகலா அது? பகலென்று கடிகாரம்தான் சொன்னது. ஜன்னலுக்கு வெளியே வானமில்லை, தரையில்லை, எதிர்வீடு இல்லை. வெள்ளை, வெள்ளை, எங்கு பார்த்தாலும் வெள்ளை! அந்த வெள்ளைக்குள் காற்று மட்டும் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல ஓலமிட்டது. தொலைபேசி மணி அடித்தது. எடுத்தேன்.

"அக்கா, நான் ரௌஷான் பேசறேன். கம்பளித் தெரு, பதினேழாம் நம்பர்."

"சொல்லும்மா. கரி தீந்துபோச்சா?"

"இருக்குக்கா. வண்டிச் சாவி உங்க ஆபீஸ்ல இருக்கான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

"எந்த வண்டி?"

"பனி வண்டிதான். அவரு வந்து நிக்கிறாரு. பையைப் பையைத் தடவிப் பாக்கறாரு. சாவியக் காணோம்போல."

"யாரும்மா வந்து நிக்கிறது?"

ஒரு சிறு சிரிப்பு கேட்டது. "வேற யாருக்கா வருவா? அவருதான்."

அன்பர்களே! நீங்கள் என் நாற்காலியில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அந்தக் குரலில் அழுகை இல்லை, அலறல் இல்லை, நடுக்கம் இல்லை. கணவன் வேலையிலிருந்து வந்துவிட்டான் என்று அண்டை வீட்டில் சொல்லும் குரல் அது. அதுதான் என்னை உறையவைத்தது. புதைத்து எட்டு வாரமான மனிதனுக்குச் சாவி கேட்கிறாள்! தொலைபேசியை வைத்துவிட்டு ஓடிவிட வேண்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பன்னிரண்டு ஆண்டு அனுபவம் அந்த நொடியில் எனக்கு உதவவில்லை.

"எங்கம்மா நிக்கிறாரு?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"வாசக்கதவுல சாஞ்சுக்கிட்டு. முழுக்க நனைஞ்சிருக்காருக்கா. பூட்ஸ்லருந்து சொட்டுச் சொட்டா தண்ணி விழுது. உக்காருங்கன்னா உக்கார மாட்டேங்கிறாரு. என்னையே பாக்கறாரு."

பின்வரிசையில் யாரோ "ஜின்னு, ஜின்னுதான்" என்று முணுமுணுக்கிறீர்கள். அன்று எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த தோழியும் அதையேதான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கையெடுத்துத் தொழவும் தொடங்கிவிட்டாள். ஆனால் ரௌஷான் பேசப் பேச, அவள் நாக்கு குழறுவது என் காதில் விழுந்தது. போதையில் பேசுபவர்போல ஒவ்வொரு சொல்லும் வழுக்கி வழுக்கி வந்தது.

"ரௌஷான், உனக்குத் தலை வலிக்குதா?"

"நேத்துலருந்துக்கா. மண்டையே பொளக்குது."

"பாப்பா எங்க?"

"தூங்கறா. அப்பா வந்துருக்காருன்னு எழுப்பினேன், எழவே மாட்டேங்கிறா. அத்தையும் அடுப்பு பக்கத்துல தூங்கறாங்க. வாயெல்லாம் செவந்து, நல்லா அழகா இருக்காங்க."

"புகைபோக்கித் தகட்டச் சாத்திட்டியா?"

"காலைலயே சாத்திட்டேன். சூடு வெளிய போயிடக் கூடாதுல்ல?"

அப்போது எனக்குப் புரிந்தது. அந்த வீட்டுக்குள் நுழைந்திருந்தது கரி அடுப்பின் நச்சுவாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கதவைத் தட்டாமல் வரும், கட்டிலருகே வந்து அமரும், கண்ணுக்குப் பிடித்தவரின் உருவத்தைக் காட்டும், கண்ணிமையை மெல்ல மூடும். உயிர் போகும் கடைசி நொடிவரை உறக்கம் என்றே நம்பவைக்கும்! தோழியிடம் கையசைத்தேன். அவள் வயர்லெஸ்ஸில் தோக்தாரை அழைத்தாள். செயில்கானுக்குப் பின் அந்தப் பனி வண்டியை ஓட்டுபவர் அவர்தான். ஆம்புலன்ஸ் அவர் வண்டிக்குப் பின்னால் கிளம்பியது.

"ரௌஷான்! கதவைத் திற! உடனே திற!"

"முடியாதுக்கா. அவரு சாஞ்சு நிக்கிறாரு."

"நகரச் சொல்லு."

 தாழ்ந்த குரலில் சொன்னாள். "கதவத் திறந்தா அவரு போயிடுவாருக்கா."

தாய்மார்களே, இதற்கு நான் என்ன சொல்வேன்? அவர் அங்கே இல்லை என்பதா? எட்டு வாரம் கழித்துக் கண்ணெதிரே நிற்கும் கணவனை, கம்பியின் மறுமுனையில் இருக்கும் ஒருத்தி இல்லையென்றால் அவள் நம்புவாளா? வாதாட நேரமில்லை. ஒவ்வொரு மூச்சும் அவளை அவரிடமே இழுத்துக்கொண்டிருந்தது.

"சரிம்மா. அவரு இருக்கட்டும். பாப்பாவக் கொஞ்சம் தூக்கிக்கச் சொல்லு அவர."

"என்னது?"

"மகளத் தூக்கச் சொல்லு. ரெண்டு மாசமாச்சே அவளத் தூக்கி!"

"ஏங்க, பாப்பாவத் தூக்குங்க" என்று அவள் சொல்வது கேட்டது. காற்று ஊளையிட்டது. இன்னொரு முறை சொன்னாள். மூன்றாம் முறை கெஞ்சினாள்.

"தூக்க மாட்டேங்கிறாருக்கா."

"ஏன்?"

"கையையே நீட்ட மாட்டேங்கிறாரு. பாப்பா பக்கம் பாக்கக்கூட மாட்டேங்கிறாரு." அப்போதுதான் முதன்முறையாக அவள் குரலில் பயம் வந்தது. "அக்கா, இவரு பாப்பாவப் பாக்கல!"

"அப்ப நீ தூக்கு! இப்பவே தூக்கு! எழுந்திரு!"

தடுமாறும் காலடி கேட்டது. ஏதோ உருண்டது. கதவில் மோதும் சத்தம், மீண்டும் மோதும் சத்தம். "தள்ளறாருக்கா, வெளியலருந்து தள்ளறாரு!" என்று கத்தினாள். பெரியோர்களே, வெளியே கதவை அழுத்தியது யாரென்று பிறகுதான் தெரிந்தது. மூன்று நாள் பனி, இடுப்பளவு! வெளிப்பக்கம் திறக்கும் கதவு, உள்ளே ஒரு மண்வாரிகூட இல்லை.

"ஜன்னல உடை! அடுப்புக் கம்பியால உடை!"

கண்ணாடி நொறுங்கிய ஓசையும் காற்றின் இரைச்சலும் ஒன்றாக வந்தன. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. நான் கூப்பிட்டேன், கூப்பிட்டேன், கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

அதே நேரம் கம்பளித் தெரு முனையிலிருந்து தோக்தாரின் குரல் வந்தது. "அக்கா, வலப்பக்கம் ஒரு கார் நிக்குது. வண்டி நுழையாது."

"தள்ளுப்பா!"

"தள்ளினா அப்பளமா நொறுங்கிடும்."

"நொறுங்கட்டும்! ஓனர் கேட்டா நான் சொல்லிக்கறேன்!"

அந்தக் காரின் சொந்தக்காரர் இந்த அரங்கில்தான் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். தலையைக் குனியாதீர்கள் அய்யா, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. பிறகு நடந்ததைக் கேள்விப்பட்டு, அவரே வந்து என் மேசை முன் நின்று அழுதுவிட்டுப் போனார்.

தோக்தார் போய்ச் சேர்ந்தபோது ரௌஷான் உடைந்த ஜன்னலில் பாதி உடல் வெளியே தொங்கக் கிடந்தாள். தன் ரோமக் கோட்டில் மகளைச் சுற்றி, இரு கைகளாலும் புயலுக்குள் நீட்டிப் பிடித்திருந்தாள். நினைவு தப்பியும் பிடி தளரவில்லை. குழந்தை பிழைத்தது. ரௌஷானும் பிழைத்தாள். அடுப்பருகே படுத்திருந்த மாமியார் போபேஷ் பிழைக்கவில்லை. மகன் போன எட்டாம் வாரம் தாயும் போனாள்.

எங்கள் அறையில் எல்லா அழைப்பும் பதிவாகும். விசாரணைக்காக அந்தப் பதிவை ஐந்து முறை கேட்டேன். அவள் பேசாமல் இருந்த இடங்களில் ஓர் ஓசை இருக்கிறது. சொட்டு. சற்றுப் பொறுத்து, இன்னொரு சொட்டு. பின்னர் நாங்கள் போய்ப் பார்த்தபோது அந்த வீட்டின் தரை உலர்ந்திருந்தது. கூரைப் பனி உருகியிருக்கும், குழாய் கசிந்திருக்கும் என்று அதிகாரிகள் எழுதினார்கள். அப்படியே இருக்கட்டும். ஆறாம் முறை அதைக் கேட்க எனக்குத் துணிவில்லை.

இப்போது, இந்தத் தாளில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நகரத் தலைவர் அவர்களே, உங்களிடமும் இதை இன்றுதான் சொல்கிறேன். நவம்பரில் புகைபோக்கிப் பணியாளர் என்னிடம் கேட்டார்: "அக்கா, பதினேழாம் நம்பர் துக்க வீடாச்சே, போகட்டுமா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேணாம்பா. ஏணியும் கரிக்கோலமுமா போய் அங்க நிக்காத. நாப்பது நாள் கழியட்டும்." பட்டியலில் அந்த வீட்டின் மேல் என் கையாலேயே பென்சிலால் கோடு போட்டேன். நாற்பது நாள் கழிந்தது. நான் மறந்துவிட்டேன்.

மரியாதை என்று நினைத்துச் செய்தேன்! துக்கத்தைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒதுங்கி நின்றேன்! தகட்டைச் சாத்துவதற்கு முன்பே கரியால் அடைத்துக் கிடந்த அந்தப் புகைபோக்கி நம் மரியாதையை அறியுமா? நச்சுவாயு நாற்பது நாள் காத்திருக்குமா?

மருத்துவமனைக்குப் போய் ரௌஷானிடம் இதைச் சொன்னேன். அவள் சுவரை நோக்கித் திரும்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "மூணாம் நாள் வந்தீங்க, ஏழாம் நாள் வந்தீங்க. அப்புறம் ஒருத்தரும் வரல. யாராவது கதவத் தட்ட மாட்டாங்களான்னுதான் இருந்தேன். ஏணியத் தூக்கிட்டு வந்திருந்தாலும் திறந்திருப்பேன்க்கா."

என்னை மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே தோழர்களே, இந்த ஆண்டு எங்கள் பட்டியல் தலைகீழாகிறது! சாவு விழுந்த வீடே முதல் வீடு. தனியாக முடங்கியவர் வீடு இரண்டாம் வீடு. துயரத்தில் இருப்பவருக்குத் தகடு நினைவிருக்காது, தகர வாளி நினைவிருக்காது, தலைவலியின் காரணம் நினைவிருக்காது. அவர்களுக்காக நாம் நினைவு வைத்திருப்போம்! போய்த் தட்டுவோம்! திறக்கவில்லையா, மறுபடி தட்டுவோம்! கரி படிந்த கையோடு தட்டுவோம், கூச்சத்தோடு தட்டுவோம், என்ன பேசுவதென்று தெரியாமலே தட்டுவோம்!

கைதட்டியது போதும். உங்கள் கைகளுக்கு வேறு தட்டும் வேலை காத்திருக்கிறது. பொறுமையோடு செவிகொடுத்த பெரியோர்க்கும், அழுத குழந்தைகளை அமர்த்திக் கேட்ட தாய்மார்க்கும், தாளை வாசிக்கச் சொல்லி இதையெல்லாம் கேட்க நேர்ந்த அவைத் தலைவர்க்கும் என் நன்றி. வெளியேறும் வழியில் ஒரு மேசை இருக்கிறது. நச்சுவாயு வந்தால் கூவும் கருவியை அங்கே ஒருவர் இலவசமாகத் தருவார், உங்கள் தெருவையும் வீட்டு எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்வார். அவர்தான் ரௌஷான். அவர் கணவர் வந்தாரா என்று அவரிடம் கேட்காதீர்கள். உங்கள் தெருவில் யார் வீட்டுக் கதவை நெடுநாளாக யாரும் தட்டவில்லை என்பதை மட்டும் சொல்லுங்கள். அந்த வீட்டுக்கு நாளைக் காலையில் அவரே போகிறார்.

உங்கள் அனைவரின் கூரைகளும் இந்தக் குளிர்காலத்தில் நலமாய்ப் புகையட்டும். வணக்கம்.