இரவல் நாக்கு

உட்காரச் சொன்னதற்கு நன்றி சார். பேக்கரியில் நின்று நின்றே பழகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தால் ஏதோ வேலையை மறந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

கடை அம்மா வைத்தது. அவளுக்குப் பிறகு அடுப்பு முன்னால் நின்றவள் நான். என் ரொட்டியை யாரும் குறை சொன்னதில்லை. தங்கச்சி படிப்பை முடித்துவிட்டு வந்து, சும்மா இருக்கப் பிடிக்காமல் மாவில் கை வைத்தாள். அவ்வளவுதான். எதிர்வீட்டு டீச்சர் நான் நீட்டிய பொட்டலத்தை மோந்து பார்த்துவிட்டு, "இது உங்க கையா, தங்கச்சி கையா?" என்றார். என் கை என்றேன். நாளைக்கு வருகிறேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. சிரித்தேன்.

பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அவளுக்குத் தலை வாரி, சோறு ஊட்டி வளர்த்தவள் நான்.

எந்நேரமும் ஈர மாவிலேயே கை இருந்ததில் அவள் நகங்கள் சொத்தை விழுந்தன. டாக்டர் மாத்திரை எழுதினார். அவள் வெளியே போன பிறகு என்னிடம்தான் விவரம் சொன்னார்: சிலருக்கு நாக்கில் ருசி போய்விடும், மாத்திரையை நிறுத்தினால் திரும்பிவிடும், ஈரலுக்கு ஆகாது, அதனால் நீண்ட நாள் போடக்கூடாது.

ருசி போயிற்று. மாவு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதாள். வளர்ந்த பிறகு அவள் என் தோளில் சாய்ந்தது அன்றைக்குத்தான். நரம்பு பலவீனமாம், இனி வராதாம், டாக்டர் சொன்னார் என்றேன். "என் நாக்கு இருக்குல்லடி, அது போதாதா?"

அதன்பிறகு எதைச் செய்தாலும் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வருவாள். நான் தலையாட்டினால்தான் அடுப்புக்குள் போகும். நகம் தேறியதும் அவள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தவில்லை. மருந்துக்கடைக்காரர் எங்கள் பன்னுக்கு அடிமை, சீட்டெல்லாம் கேட்கமாட்டார். பொடித்து அவள் காபியில் கலப்பேன். கசப்புதான் அவளுக்குத் தெரியாதே.

பெரிய ஓட்டலில் தலைமை பேக்கர் வேலைக்கு அவள் பெயர் அடிபட்டது. ருசி பார்க்க ஆட்கள் கடைக்கே வந்தார்கள். அவள் அடித்த கிரீமை ஒரு கரண்டி நீட்டி, "சொல்லுக்கா" என்றாள். வாயில் வைத்தேன். பதற்றத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கொட்டியிருந்தாள். முகம் சுளிக்காமல் விழுங்கினேன்.

"பிரமாதம்" என்றேன்.

வந்தவர்கள் மரியாதை தெரிந்தவர்கள், உப்பு என்று மட்டும் அவளிடம் மெல்லச் சொல்லிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அவள் மிச்சத்தையெல்லாம் குப்பையில் கொட்டிவிட்டு வந்து என் கையைப் பிடித்தாள். "உனக்குமா ருசி போயிடுச்சு? எங்கிட்டேருந்து தொத்திக்கிச்சாக்கா? வா, முதல்ல உன்ன டாக்டர்கிட்ட காட்டுவோம்."

அந்த டாக்டரிடமே கூட்டிப்போவதாகச் சொன்னாள். நான் என்ன செய்வது? மறுநாளிலிருந்து அளவைக் கூட்டினேன். அவளுக்குக் கண் மஞ்சளானது, எதையும் எழுந்து செய்ய முடியவில்லை, டாக்டர் பேச்சும் அடங்கிவிட்டது. ஈரலைப் பற்றி டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்ததா என்று கேட்டீர்கள். நன்றாக ஞாபகம் இருந்தது.

டீச்சர்தான் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தாராம். பிழைத்துக்கொள்வாள் என்கிறீர்கள், சந்தோஷம். என் முகத்தில் விழிக்கமாட்டேன் என்றாளாமே. உடம்புக்கு முடியாதபோது பிள்ளைகள் அப்படித்தான் பேசும். தேறியதும் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள் சார், நான் பார்த்துக்கொள்கிறேன்.