ஏழு நாள் டப்பா

பட்டிமன்றம் நடந்தது மாசி மாதக் கடைசி ஞாயிறா, அதற்கு முந்தைய ஞாயிறா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. எழுபத்து மூன்று வயதில் நினைவு அங்கங்கே நழுவுகிறது. கூடிய மட்டும் வரிசையாகச் சொல்கிறேன். பிசகு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன்; இங்கே எல்லோருக்கும் ‘சானிட்டரி’. சிங்காநல்லூரில் எங்கள் பூங்காவில் காலையில் நடக்கும் முதியவர்கள் நாற்பது பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். அதில் பதினெட்டுப் பேருக்கு மாத்திரை பிரித்து வைப்பது என் பொறுப்பு. கண் மங்கியவர்களுக்கு அட்டையில் உள்ள பெயர் தெரியாது. காலை மாத்திரையை இரவில் விழுங்கிவிடுவார்கள். டாக்டர் சீட்டைப் பார்த்து வாங்கி, அட்டையிலிருந்து பிரித்து, நாளுக்கொரு அறையாக ஏழு அறை உள்ள டப்பாவில் போட்டு ஞாயிறுதோறும் கொடுப்பேன். ஆறு வருடத்தில் தவறுதலாக ஒரு மாத்திரை மாறியதில்லை.

அங்கப்பன் அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவர். வயது எண்பத்தொன்று. பல்லடத்தில் தறி ஓட்டியவர். கொஞ்ச காலமாக மகள் கீதா வீட்டில் இருந்தார். தினம் ஐந்து சுற்று நடந்துவிட்டு, வாசலுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பீடி பற்றவைப்பார். பூங்காவுக்குள் புகைக்கத் தடை என்று பலகை இருக்கிறது. அவர் பலகைக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து, புகையை மட்டும் உள்ளே அனுப்புவார்.

சங்கத்தார் வாசலிலும் புகைக்கக் கூடாது, மீறினால் நீக்கிவிட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். ஆண்டுவிழாவில் அதையே பட்டிமன்றமாக்கிவிட்டார்கள். முதுமையில் உடலைக் காப்பது கட்டுப்பாடா, மகிழ்ச்சியா? நடுவர், கோட்டைமேட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அப்துல் வஹீது. பேச்சு முடிந்ததும் கை தூக்கச் சொல்லித் தீர்மானத்தை முடிவு செய்வது என்று ஏற்பாடு.

நான் இருபது நிமிடம் பேசினேன். நுரையீரல் படங்களைக் காட்டினேன். ஒருவர் விடும் புகை பக்கத்தில் படுத்திருக்கும் பேரக்குழந்தையை என்ன செய்யும் என்று விளக்கினேன். கூட்டம் அமைதியாகக் கேட்டது. அடுத்து மகிழ்ச்சியின் பக்கம் பேச அங்கப்பன் வந்தார்.

“சானிட்டரியார் சொன்னதெல்லாம் வாஸ்தவமுங்க. நான் பதினாறு வயசுல இழுக்க ஆரம்பிச்சவன். அவரு இழுத்ததே இல்லீங்க. நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் அஞ்சு சுத்து நடக்கறோம். யாருக்கு மூச்சு வாங்குதுன்னு வஹீது பாயே பார்த்துச் சொல்லட்டுமுங்க.”

எனக்குச் சிறுவயதிலிருந்தே இளைப்பு உண்டு. அது எல்லோருக்கும் தெரியும். சிரிப்பு அடங்க நேரமானது.

“எனக்கு மாத்திரை மருந்து ஒண்ணும் இல்லீங்க. மனசு நல்லா இருந்தா ஒடம்பு நல்லா இருக்குமுங்க,” என்று முடித்தார்.

அது பொய். டப்பாவில் இருப்பது வெறும் சத்து மாத்திரை என்று மற்றவர்களிடம் சொல்லி வைத்திருந்தார். ரத்த அழுத்தத்துக்கும், இதயத் துடிப்புக்கும், ரத்தம் உறையாமல் இருப்பதற்கும் தினம் மூன்று மாத்திரை நான்தான் போட்டுக் கொடுத்தேன். மேடையிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருவருடைய வியாதியை நாலு பேர் முன்னால் சொல்வது முறையல்ல. அந்த நாகரிகத்தை நான் ஒருபோதும் மீறியதில்லை.

தீர்மானத்துக்கு ஆதரவாக நான்கு கைகள் எழுந்தன, என்னுடையதையும் சேர்த்து.

அடுத்த ஞாயிறு அவர் டப்பாவில் அந்த மூன்றையும் போடவில்லை. பார்வைக்கு அதே போல் இருந்த சத்து மாத்திரைகளைப் போட்டேன். கெடுதலான எதையும் நான் அவருக்குக் கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இல்லை என்று அவர் சொன்னதை இல்லாமல் செய்தேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பாட்டின் நடுவில் எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன். விடிவதற்கு முன்பே பூங்காவுக்குப் போய், அவர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் இழுக்கிறதா, வாய் கோணுகிறதா என்று கவனித்தேன். வாரங்கள் போயின. அவர் ஐந்து சுற்றும் நடந்தார்.

“ஏனுங்க சானிட்டரி, பொண்ணு பார்க்க வந்தவனாட்ட என்னையே பார்த்துட்டு இருக்கறீங்க,” என்று சொல்லி எனக்கும் ஒரு டீ சொன்னார்.

ஐந்தாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் வாயிலிருந்த பீடி பற்றவைக்கப்படாமல் இருந்தது. ஏன் என்று கேட்டேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அன்னைக்குப் பேரக்குழந்தையப் பத்திச் சொன்னீங்கள்ல, அது உறுத்திக்கிட்டே இருந்துச்சுங்க. பேத்தி பூஜிதா எம்பக்கத்துலதான் படுக்குது. உட்டுப்போட்டேன், இருவது நாளாச்சு. இவனுககிட்டச் சொல்லிப்போடாதீங்க. அப்புறம் நீங்க செயிச்சதா ஆயிருமுங்க.”

சொல்லமாட்டேன் என்றேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறவன் நான்.

அன்றே டப்பாவைத் திரும்ப வாங்கியிருக்கலாமே என்று கேட்டீர்கள். டப்பா மாற்றுவது ஞாயிற்றுக்கிழமை. ஒருவருக்காக முறையை மாற்ற முடியாது. ஆனால் அந்த ஞாயிறு இரண்டு டப்பாக்கள் கொண்டுபோனேன். ஒன்றில் சரியான மாத்திரைகள் இருந்தன. அதைக் கொடுப்பதாகத்தான் இருந்தேன். அவர் ஐந்து சுற்று முடித்து, நான் இரண்டாவது சுற்றில் இளைத்துப்போய் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தார். “இன்னொரு சுத்து வாரீங்களா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். வஹீது பாயும்தான். நான் மற்ற டப்பாவைக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை அவர் வாசலருகே விழுந்தார். வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் கீதா என் கையைப் பிடித்துக்கொண்டு, டப்பாவின் காலி அறைகளைக் காட்டினாள்.

“பாருங்க சார், அப்பா ஒரு வேளை கூட உட்டதில்லீங்க. நீங்க எத்தனை பக்குவமாப் போட்டுக் குடுத்தீங்க.”

ஒன்பதாம் நாள் இறந்தார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

ஆனால் துக்க வீட்டில், அவர் பீடியை விட்டிருந்ததை கீதா சொல்லிவிட்டாள். மறுநாள் டீக்கடையில் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு. “அறுவத்தஞ்சு வருசப் பழக்கத்தைப் பொடக்குனு நிறுத்துனா ஒடம்பு தாங்குமாங்க? நிறுத்துனதுதான் அவரைக் கொன்னுபோடுச்சு.” வஹீது பாய் மறுக்கவில்லை. பீடியை விட்டிருந்த இரண்டு பேர் என் கண் முன்னாலேயே மறுபடி பற்றவைத்தார்கள். முப்பது வருடம் சுகாதாரத் துறையில் இருந்தவன் அதைக் கேட்டுக்கொண்டு எப்படி உட்கார்ந்திருக்க முடியும்? அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். அங்கப்பனைக் கொன்றது நான்.

அவருடைய சாம்பலைக் கொடுமுடியில் கரைத்தார்கள். கீதா வீட்டைக் காலி செய்துகொண்டு பல்லடத்துக்கே போய்விட்டாள். வஹீது பாய் மீதிப் பதினேழு டப்பாக்களையும் திரும்ப வாங்கிக் குப்பையில் கொட்டினாராம். அவை சரியாகத்தான் இருந்தன. சங்கம் கலைந்துவிட்டது. நான் இங்கே இருக்கிறேன்.

செய்தித்தாளுக்குக் கொடுக்கும்போது, பீடியை நிறுத்தியதால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும், அவர் நிறுத்தியது என் பேச்சைக் கேட்டுத்தான் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள்.